விற்ற மனையும் மீட்ட உறவும்: மெக்வொர்ட்டர் குடும்பமும் நியூ பிலடெல்பியாவும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கும் இல்லினாய் ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் பைக் கவுண்டி இருக்கிறது. 1836 செப்டம்பரில் அந்தக் கவுண்டியின் பதிவேட்டில் ஒரு மனைப்பிரிவு வரைபடம் ஏறியது. 42 ஏக்கர் நிலம் 20 கட்டங்களாகவும் 144 மனைகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மனையும் 60 அடி அகலம், 120 அடி நீளம். பெரிய தெருக்களுக்கு 80 அடி அகலம் விடப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் இல்லினாயில் ஊர் வரைவது ஒரு மோகமாகவே பரவியிருந்தது. பக்கத்து ஊரான பாரியும் அதே ஆண்டில், வேறு பெயரில், வரையப்பட்டதுதான். ஆனால் இந்த வரைபடத்தைப் பதிவு செய்தவர் தம் வாழ்வின் முதல் 42 ஆண்டுகளை இன்னொருவரின் உடைமையாகக் கழித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் ஒரு கறுப்பினத்தவர் திட்டமிட்டு வரைந்து, சட்டப்படி பதிவு செய்த முதல் ஊர் என்று இன்று அறியப்படுவது இந்த நியூ பிலடெல்பியாதான். அதை நிறுவியவர் ஃப்ராங்க் மெக்வொர்ட்டர்.

ஃப்ராங்க் 1777-இல் தென் கரோலினாவில் பிறந்தார். தாய் ஜூடா, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப்பெண். தந்தை, ஜூடாவின் எசமானரான ஜார்ஜ் மெக்வொர்ட்டராக இருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அமெரிக்க அடிமைச் சட்டத்தில் தந்தை யார் என்பதற்கு எந்தப் பெறுமதியும் கிடையாது. பிள்ளை தாயின் நிலையையே அடையும். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. இந்த ஒற்றை விதியை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் ஃப்ராங்க் பின்னாளில் எடுத்த முடிவுகளின் வரிசை விளங்கும்.

1795-இல் எசமானர் மேற்கே நகர்ந்து கென்டக்கியின் புலாஸ்கி கவுண்டியில் நிலம் பிடித்தபோது ஃப்ராங்கையும் கூட்டிச் சென்றார். காடு வெட்டி, வேர் பறித்து, குடிசை எழுப்பிப் பண்ணை கண்டது ஃப்ராங்கின் உழைப்பு. 1799-இல் அவர் லூசியை மணந்தார். லூசி பக்கத்துப் பண்ணை ஒன்றின் அடிமை. கணவன் ஒரு வீட்டுச் சொத்து, மனைவி இன்னொரு வீட்டுச் சொத்து. பிறக்கும் பிள்ளைகள் லூசியின் எசமானருக்கே உரியவர்கள். இவர்களில் ஜூடா, இளைய ஃப்ராங்க், சாலி, சாலமன் ஆகிய நால்வரின் பெயர்கள் இந்த வரலாறு நெடுக வரும்.

1810 வாக்கில் எசமானர் டென்னசிக்குப் போய்விட, கென்டக்கிப் பண்ணையை நடத்தும் பொறுப்பு ஃப்ராங்கிடம் வந்தது. அதோடு, தன் நேரத்தைத் தானே கூலிக்கு விடும் இசைவும் கிடைத்தது. எசமானருக்கு உரிய தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் பிறரிடம் வேலை செய்து, கிடைத்த காசைச் சேர்த்துக்கொள்வது அந்த ஏற்பாடு. சட்டம் இதை விரும்பவில்லை. ஆனால் ஆட்பற்றாக்குறை மிகுந்த எல்லைப்புறத்தில் யாரும் பெரிதாகத் தடுக்கவுமில்லை.

அந்தக் காசு பெருகியது வெடியுப்பால். துப்பாக்கி மருந்தில் பெரும்பங்கு வெடியுப்புதான். அமெரிக்காவுக்கு அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், கப்பலேறி வந்துகொண்டிருந்தது. இங்கிலாந்துடன் பகை முற்றி 1812-இல் போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. உள்நாட்டு வெடியுப்பின் விலை ஏறியது. கென்டக்கியின் சுண்ணாம்புக் குகைகளில் மண்ணிலேயே அதன் மூலப்பொருள் உண்டு. குகை மண்ணை வெட்டிவந்து மரத்தொட்டிகளில் கொட்டி நீர் வார்ப்பார்கள். கீழே கசியும் உப்புநீரை மரச்சாம்பல் நீருடன் சேர்ப்பார்கள். தெளிந்ததை இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சி ஆறவிட்டால் வெடியுப்பு படிகமாக இறங்கும். ஈரமும் இருளும் புகையுமான வேலை. பெரிய முதல் தேவைப்படாத வேலையும்கூட. ஃப்ராங்க் இதைத் தம் சொந்தத் தொழிலாக நடத்தினார். ஒருபுறம் ஓர் ஆள் இன்னொருவரின் சொத்து, மறுபுறம் அதே ஆள் ஒரு தொழிலின் முதலாளி. இந்த முரண் எல்லைப்புறத்தில் அன்றாட நடப்பாக இருந்தது.

எசமானர் 1815-இல் இறந்தார். ஃப்ராங்கை விடுவிப்பதாக எந்த எழுத்தும் இல்லை. வாரிசுகளுக்கு அவர் பாகம் பிரிக்க வேண்டிய சொத்தாகவே நின்றார். கையில் பணம் சேர்ந்திருந்தது. இருந்தும், இரண்டு ஆண்டுகள் கழித்து 1817-இல், அவர் முதலில் தன்னை வாங்கவில்லை, லூசியை வாங்கினார். விலை 800 டாலர். லூசி அப்போது கருவுற்றிருந்தார். அவர் அடிமையாகவே பெற்றிருந்தால் பிறப்பது அடிமை. விடுதலையான பின் பெற்றால் பிறப்பது சுதந்திரப் பிள்ளை. அந்த ஆண்டே பிறந்த ஸ்குவயர்தான் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாகாமல் பிறந்த முதல் குழந்தை. அதன்பின் பிறந்த கமடோரும் லூசி ஆனும் அப்படியே. தாயின் வழியாக அடிமைத்தனத்தைக் கடத்திய சட்டத்தை, தாயின் வழியாகவே அவர் மறித்தார். இவ்வளவு தெளிவான ஒரு கணக்கை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் போட்டார் என்பது வியந்து நிற்கவேண்டிய இடம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1819-இல், இன்னொரு 800 டாலர் கொடுத்துத் தம்மை மீட்டார். 1820-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் ‘ஃப்ரீ ஃப்ராங்க்’, அதாவது சுதந்திர ஃப்ராங்க் என்று பதிவாகியிருக்கிறது. குலப்பெயர் இல்லாத ஒருவருக்கு அவரது நிலையே பெயரின் முன்பாதியாக அமைந்தது.

800 டாலர் என்றால் அக்காலத்தில் என்ன? 1820-க்குப் பின் அமெரிக்க அரசு தன் நிலத்தை ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு விற்றது. அந்தக் கணக்கில் லூசியின் விலை 640 ஏக்கர், அதாவது ஒரு முழுச் சதுர மைல் நிலம். ஒரு பெண்ணுக்கு ஒரு சதுர மைல், ஓர் ஆணுக்கு ஒரு சதுர மைல். அடிமை முறை எவ்வளவு பெரிய பணத்தின் மேல் நின்றது என்பதற்கும், நிலத்தை வாங்கி விற்பது ஏன் இந்தக் குடும்பத்தின் வழியாக அமைந்தது என்பதற்கும் இந்த ஒப்பீடே போதும்.

1826-இல் இளைய ஃப்ராங்க் தப்பி ஓடிக் கனடாவை அடைந்தார். அங்கே அவரைப் பிடிக்க முடியாது. ஆனால் பிறந்த வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. 1829-இல் தந்தை தம் வெடியுப்புத் தொழில் முழுவதையும் மகனின் எசமானர் தரப்புக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக மகனின் விடுதலைப் பத்திரத்தைப் பெற்றார். தம்மையும் மனைவியையும் மீட்டுத் தந்த தொழிலை ஒரு மகனுக்காக அவர் அப்படியே கைமாற்றிவிட்டார். கென்டக்கியில் அவரைப் பிடித்துவைக்க அதன்பின் அதிகம் எதுவும் இல்லை. சுதந்திரக் கறுப்பினத்தவர்மீது அங்கே இறுக்கமும் கூடிக்கொண்டிருந்தது.

அவர் தேர்ந்துகொண்ட இல்லினாய் அடிமை முறையை ஏற்காத மாநிலம். ஆனால் கறுப்பினத்தவரை வரவேற்ற மாநிலம் அல்ல. 1829-இல் இயற்றிய சட்டப்படி உள்ளே வரும் சுதந்திரக் கறுப்பினத்தவர் விடுதலைச் சான்றைக் காட்டுவதோடு 1,000 டாலருக்குப் பிணையும் தரவேண்டும். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வெள்ளையர் ஒருவருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் முடியாது. ஃப்ராங்க் முன்கூட்டியே, கென்டக்கியில் தம்மை அறிந்த வெள்ளையர்களிடம் நன்னடத்தைச் சான்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார். பைக் கவுண்டியின் ஹாட்லி பகுதியில் 160 ஏக்கர் நிலத்தையும் கண்ணால் பாராமலே ஒரு மருத்துவரிடமிருந்து விலைபேசி முடித்தார்.

அந்த நிலப்பரப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. சாக், மெஸ்குவாக்கி பழங்குடிகளிடமிருந்து 1804-இல் ஓர் ஒப்பந்தத்தின் வழியாக அமெரிக்க அரசு அதை எழுதி வாங்கியது. அந்த ஒப்பந்தத்தைச் சாக் மக்களில் பலர் ஏற்கவே இல்லை. பிறகு 1812 போரில் பணிபுரிந்த படைவீரர்களுக்குத் தலைக்கு 160 ஏக்கர் என்று கொடுப்பதற்காக அது ஒதுக்கப்பட்டது. வீரர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடியேறாமல் உரிமைச்சீட்டை வணிகர்களிடம் விற்றுவிட்டார்கள். அப்படிக் கைமாறி வந்த நிலங்களே பின்னால் வந்த குடியேறிகளுக்குக் கிடைத்தன. மெக்வொர்ட்டர் குடும்பம் வந்து இறங்கிய மறு ஆண்டே, 1832-இல், சாக் தலைவர் பிளாக் ஹாக் தம் மக்களுடன் ஆற்றைத் தாண்டி வந்ததும், அவர்கள் கொடூரமாக ஒடுக்கப்பட்டதும் வடக்கே நடந்தன. ஒரு குடும்பம் தன் விடுதலையைப் பயிரிட்ட மண், இன்னொரு மக்களிடமிருந்து பறித்த மண். முன்னோடிக் குடும்பங்களின் வரலாற்றில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1830 இலையுதிர்காலத்தில் ஃப்ராங்கும் லூசியும் இளைய ஃப்ராங்கும் விடுதலையில் பிறந்த மூன்று பிள்ளைகளும் வண்டி கட்டிப் புறப்பட்டார்கள். ஜூடா, சாலி, சாலமன் மூவரும் கென்டக்கியிலேயே நின்றார்கள். அவர்களை வாங்கப் பணம் இல்லை. வழியில் குளிர் முந்திக்கொண்டதால் இல்லினாயின் பாண்ட் கவுண்டியில் தங்கிவிட்டு, 1831 வசந்தத்தில் ஹாட்லி வந்து சேர்ந்தார்கள். ஹாட்லியில் குடியேறிய முதல் குடும்பம் இதுதான். ஃப்ராங்குக்கு அப்போது வயது 54. நம் ஊர்களில் அந்த வயதில் ஒருவர் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். அவர் புல்வெளியில் முதல் ஏர் பூட்டினார்.

புல்வெளி மண் வளமானது; ஆனால் நூற்றாண்டுகளாகப் பின்னிக் கிடந்த புல்வேரை அறுத்து உழுவது எளிதல்ல. மக்காச்சோளமும் கோதுமையும் ஓட்ஸும் விதைத்தார்கள். மாடு, பன்றி, குதிரை வளர்த்தார்கள். விளைச்சலை மிசிசிப்பி, இல்லினாய் ஆற்றுத்துறைகள் வழியே விற்கலாம். வருமானம் கொஞ்சம் திரண்டதும் நிலம் வாங்கினார்கள். இன்னும் கொஞ்சம் திரண்டதும் ஆள் மீட்டார்கள். 1835-இல் ஃப்ராங்க் கென்டக்கிக்குப் போய் 550 டாலர் கொடுத்து மகன் சாலமனை அழைத்து வந்தார். அதன் மறு ஆண்டுதான் ஊர் வரையப்பட்டது.

ஊர் வரைவதன் பொருளியல் எளிது. அரசிடம் 80 ஏக்கரை வாங்க 100 டாலர் ஆகும். அதில் பாதியை மனைகளாகப் பிரித்து விற்றால், நாலைந்து மனைக்குள்ளேயே போட்ட முதல் திரும்பிவிட வாய்ப்புண்டு. சாலை அந்த வழியாகப் போகவேண்டும், கொல்லரும் கடைக்காரரும் வரவேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனைகள். 1830-களின் நடுவில் இல்லினாயில் வரையப்பட்ட பல ஊர்கள் காகிதத்தோடு நின்றுபோனவை. வரைந்தவர்களில் பலர் தூரத்து நகரங்களில் இருந்த நில வணிகர்கள். மெக்வொர்ட்டர் குடும்பமோ ஊரின் எல்லையிலேயே வசித்தது. அவர்கள் மனை விற்றது செல்வத்துக்காக மட்டும் அல்ல. அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே பெயர் எழுதப்பட்டிருந்தது: ஜூடா, சாலி, அவர்களின் பிள்ளைகள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. மனை விற்பவரின் கிரயப் பத்திரம் நாளை நீதிமன்றத்தில் நிற்குமா? குலப்பெயரும் உறுதியான சட்ட நிலையும் இல்லாத ஒரு கறுப்பினத்தவரிடமிருந்து வாங்கும் வெள்ளையருக்கு இந்த ஐயம் இயல்பு. ஃப்ராங்க் மாநிலச் சட்டமன்றத்துக்கு விண்ணப்பித்தார். 1837 ஜனவரியில் அன்றைய தலைநகரான வாண்டேலியாவில் அவருக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அவர் இனி ஃப்ராங்க் மெக்வொர்ட்டர் என்று அழைக்கப்படுவார். அந்தப் பெயரில் வழக்குத் தொடுக்கலாம், வழக்கை எதிர்கொள்ளலாம், அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும் வாங்கலாம், விற்கலாம். பிள்ளைகளும் அந்தப் பெயரைப் பெறுவர். அந்தச் சட்டமன்றத்தில் அப்போது உறுப்பினராக இருந்தவர்களில் ஆபிரகாம் லிங்கன் என்ற 27 வயது இளைஞரும் ஒருவர். சட்டம் வாக்குரிமையைத் தரவில்லை. ஆனால் கேட்டதைத் தந்தது. எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதை விண்ணப்பித்தவர் அறிந்திருந்தார்.

ஊர் அமைந்த இடத்தின் ஆபத்தையும் சொல்லவேண்டும். மேற்கே இருபது மைலைச் சற்றுத் தாண்டினால் மிசிசிப்பி. அதன் அக்கரையில் அடிமை மாநிலமான மிசூரியின் ஹானிபல் நகரம், அங்கே அடிமைச் சந்தை. தப்பி வருபவர்களைத் தேடி ஆள்பிடிப்பவர்கள் ஆற்றைத் தாண்டி வருவார்கள். சுதந்திரக் கறுப்பினத்தவரையே கடத்திக்கொண்டுபோய் விற்பதும் நடந்தது. 1837 நவம்பரில், அதே ஆற்றின் கரையில் இல்லினாயின் ஆல்ட்டன் நகரில், அடிமை எதிர்ப்புப் பத்திரிகையாளர் எலைஜா லவ்ஜாய் தம் அச்சு இயந்திரத்தைக் காக்க நின்றபோது கும்பலால் சுட்டுக்கொல்லப்பட்டார். வெள்ளையருக்கே அந்த நிலை. மெக்வொர்ட்டர் வீட்டில் தப்பி வந்தவர்களுக்கு ஒளிவிடம் இருந்தது, பிள்ளைகள் அவர்களைக் கனடாவரை வழிநடத்திப் போனார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி. கனடாவின் வழி இளைய ஃப்ராங்குக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். இப்படிப்பட்ட வேலைக்கு எழுத்தில் தடயம் வைப்பவர் யாரும் இல்லை. ஆகவே வாய்வழிச் செய்திக்கு இங்கே தனி எடை உண்டு.

1837-இன் பொருளாதார வீழ்ச்சி இல்லினாயின் பல ஊர்களைக் காகிதத்திலேயே முடக்கியது. நியூ பிலடெல்பியா மெதுவாகத்தான் வளர்ந்தது, ஆனால் வளர்ந்தது. 1850 கணக்கெடுப்பில் 58 பேர். 1860-இல் 114 பேர். 1865-இல் மாநிலம் எடுத்த கணக்கில் 29 வீடுகளில் 160 பேர், அதுவே உச்சம். கொல்லர், வண்டிச் சக்கரம் செய்பவர், மரச்சாமான் தச்சர், செருப்புத் தைப்பவர், கடைக்காரர், மதபோதகர், மருத்துவர் என்று ஒரு சிற்றூருக்கு வேண்டிய கைகள் எல்லாம் இருந்தன. சில ஆண்டுகள் ஓர் அஞ்சலகமும் இயங்கியது. சுற்றிலும் இருந்த பண்ணைக் குடும்பங்கள் குதிரைக்கு லாடம் அடிக்கவும், கலப்பை முனை கூராக்கவும், உப்பும் துணியும் வாங்கவும் அங்கே வந்தன. பெரிய ஊர் அல்ல அது. ஆனால் நாலு திசைப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு தெருவும் ஒரு கொல்லுப்பட்டறையும் இருப்பதன் அருமை அந்தப் பண்ணைகளில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஊரில் குடியிருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் கறுப்பினத்தவர். மற்றவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவர் நிறுவிய ஊர் என்றால் தனித்து ஒதுங்கி வாழ்ந்தவர்களின் ஊர் என்று எண்ணிக்கொள்ளும் வழக்கத்துக்கு இது பொருந்தாது. கென்டக்கி, டென்னசி, மிசூரி போன்ற தென்பகுதிகளிலிருந்தும், ஒஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் போன்ற வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அடுத்தடுத்த மனைகளில் வீடு கட்டினார்கள். கறுப்பினத்தவரிடம் வெள்ளையர் மனை வாங்கினர்; வெள்ளையரிடம் கறுப்பினத்தவர் வாங்கினர். ஊருக்குள் பெரிய இனக்கலவரம் எதுவும் பதிவாகவில்லை. அதற்காக அதை ஒரு சமத்துவப் பூங்காவாக வரைந்துவிடவும் கூடாது. நெடுங்காலம் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளிதான். இறந்தவர்களும் தனித்தனி இடுகாடுகளில்தான் புதைக்கப்பட்டார்கள். 1853-இல் இல்லினாய் இன்னும் கடுமையான சட்டம் ஒன்றை இயற்றி, கறுப்பினத்தவர் மாநிலத்தில் குடியேறுவதையே தடுத்தது. வந்து தங்குபவருக்கு அபராதம். கட்ட முடியாவிட்டால் அவர் உழைப்பு ஏலம் விடப்படும். அது 1865 வரை நீக்கப்படவில்லை. அதாவது, நியூ பிலடெல்பியாவின் வளர்ச்சிக்காலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஊரை நிறுவிய குடும்பத்தைப் போன்ற இன்னொரு குடும்பம் உள்ளே வருவது குற்றமாக இருந்தது.

மீட்பு நடந்துகொண்டே இருந்தது. 1843-இல் மகள் சாலி 950 டாலருக்கு மீட்கப்பட்டார். மூத்த மகள் ஜூடாவும் வந்து சேர்ந்தார். ஆனால் தாய்மார்கள் வந்தபின்னும் அவர்கள் அடிமையாக இருந்தபோது பெற்ற பிள்ளைகள் கென்டக்கியிலேயே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி விலை. ஆண்டு செல்லச் செல்லக் குழந்தை வளரும். வளர வளர விலை ஏறும். பருத்தி விலை உயர உயரத் தெற்கே அடிமைகளின் சந்தை விலையும் உயர்ந்துகொண்டிருந்தது. இந்த ஓட்டத்தில் பண்ணை வருமானம் பின்தங்கிவிடாமல் இருப்பதே அந்தக் குடும்பத்தின் நாற்பதாண்டுப் பாடாக இருந்தது.

ஃப்ராங்க் 1854 செப்டம்பர் 7-இல் தமது 77-ஆம் வயதில் இறந்தார். உயிலில், நிலத்தை விற்று இன்னும் மீளாத பேரப்பிள்ளைகளையும் அவர்களின் பிள்ளைகளையும் வாங்கவேண்டும் என்று எழுதியிருந்தார். மகன்கள் அதை நிறைவேற்றினார்கள். அவர் மூச்சு நின்ற பிறகும் அவர் நிலம் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தது. தம்மையும் சேர்த்து மொத்தம் 16 பேர். செலவு சுமார் 14,000 டாலர். அரசு விலையில் அது 11,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். அந்தப் பணத்தை நிலத்திலேயே போட்டிருந்தால் பைக் கவுண்டியின் பெரும் நிலக்கிழார்களில் ஒருவராக அவர் இறந்திருப்பார்.

இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் லூசியின் பங்கு ஆவணங்களில் குறைவாகவே தெரிகிறது. அந்தக் காலப் பத்திரங்கள் மனைவிகளை அதிகம் பேசவிடுவதில்லை. ஆனால் ஃப்ராங்க் வெடியுப்புக் குகைகளிலும் கென்டக்கிப் பயணங்களிலும் இருந்தபோது வீட்டையும் வயலையும் பிள்ளைகளையும் நிறுத்திப் பிடித்தவர் அவர்தான். கணவருக்குப் பின் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, நூறு வயதை நெருங்கி மறைந்தார். அடிமை முறை நாடெங்கும் ஒழிந்ததைப் பார்த்துவிட்டே கண்மூடினார்.

உள்நாட்டுப் போரில் ஊரிலிருந்தும் சுற்றுப்பகுதியிலிருந்தும் ஆட்கள் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். கறுப்பின வீரர்களைக் கொண்ட 29-ஆம் காலாட்படை 1864-இல் அருகிலுள்ள குவின்சி நகரில்தான் திரட்டப்பட்டது. போருக்குப் பின் ஊருக்கு நல்ல காலம் வந்தது போலத் தோன்றியது. சாலமன் நவீன உழவில் ஆர்வம் மிக்கவர். இனிப்புச் சோளத் தட்டையைப் பிழிந்து பாகு காய்ச்சும் கொப்பரை அமைப்பு ஒன்றுக்கு 1867-இல் அவர் காப்புரிமை பெற்றார். தந்தை குகை உப்பைக் காய்ச்சினார். மகன் சோளப்பாகைக் காய்ச்சினார். அடுப்பும் கொப்பரையும் அறிந்த குடும்பம் அது.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது ரயில். 1869-இல் ஹானிபலையும் இல்லினாய் ஆற்றங்கரையின் நேப்பிள்ஸையும் இணைத்த இருப்புப்பாதை பாரி வழியாக வந்தது. ஆனால் நியூ பிலடெல்பியாவைத் தொடாமல் வடக்கே வளைந்து போனது. அந்த வளைவுக்கு நில ஏற்றத்தாழ்வு மட்டுமே காரணமா, ஊரின் கறுப்பின அடையாளமும் காரணமா என்பது ஆய்வாளர்கள் நெடுநாள் விவாதித்த கேள்வி. வரைபடத்தில் அந்தக் கோட்டின் போக்கைப் பார்ப்பவருக்கு ஐயம் எழாமல் இராது. ஒரு மாநிலமே கறுப்பினக் குடியேற்றத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த காலத்துக்கு அது வெகுதூரம் தள்ளியும் இல்லை. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். நிலையம் இருக்கும் ஊருக்குத் தானியக் கிடங்கும் கடையும் போகும். கடை போன இடத்துக்குக் கொல்லரும் தச்சரும் போவார்கள். பாதையில் அமைந்த பாரியும் பேலிசும் வளர்ந்தன. நியூ பிலடெல்பியாவில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1885-இல் ஊரின் பெரும்பகுதி சட்டப்படி ஊர் என்ற நிலையை இழந்தது. தெருக்களும் மனைகளும் மீண்டும் வயலாயின.

ஆயினும் ஊர் ஒரே நாளில் அழியவில்லை. 1874-இல் இல்லினாய்ச் சட்டம் நிறத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்குவதைத் தடை செய்தது. அதை ஒட்டிய காலத்தில் ஊருக்கு அருகே கட்டப்பட்ட பள்ளியில் கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்தே படித்தார்கள். ஊர் ஊராக இல்லாமல் போன பின்னும் அந்தப் பள்ளி 1940-கள் வரை நடந்தது. சில குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கேயே விடாமல் வாழ்ந்தன. பண்ணையில் பிறந்தவர்கள் பிழைப்புத் தேடிச் சிகாகோ, செயின்ட் லூயிஸ் போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். கூடவே பழைய பத்திரங்களையும் பாட்டி சொன்ன கதைகளையும் கொண்டுபோனார்கள்.

அந்தப் பத்திரங்களும் கதைகளும்தான் ஊரை மீட்டன. ஃப்ராங்கின் வழித்தோன்றலான வரலாற்றாசிரியர் ஜூலியட் வாக்கர் குடும்ப ஆவணங்களையும் கவுண்டிப் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்து 1983-இல் தம் நூலை வெளியிட்டார். கறுப்பினத் தொழில்முனைவோரின் வரலாற்றுக்கே அது ஒரு தொடக்க நூலாயிற்று. 1988-இல் ஃப்ராங்கின் கல்லறை தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1996-இல் உள்ளூர் மக்கள் நியூ பிலடெல்பியா சங்கத்தைத் தொடங்கினார்கள். மெக்வொர்ட்டர் வழியினரும், அங்கே வாழ்ந்த வெள்ளைக் குடும்பங்களின் வழியினரும், எந்த உறவும் இல்லாத பாரி, பிட்ஸ்ஃபீல்டு ஊர்க்காரர்களும் அதில் ஒன்றாக நின்றார்கள்.

2002-இல் தொல்லியலாளர்கள் வந்தபோது தரைக்கு மேல் எதுவும் இல்லை; புல்லும் உழுத மண்ணும்தான். மேரிலாந்து பல்கலைக்கழகம், இல்லினாய் பல்கலைக்கழகம், இல்லினாய் மாநில அருங்காட்சியகம் ஆகியவற்றின் குழுக்கள் சங்கத்தோடு சேர்ந்து வேலையைத் தொடங்கின. உழுத நிலத்தில் வரிசையாக நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் கொடி நட்டு இடம் குறித்தார்கள். முதல் கட்டத்திலேயே 7,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. 2004 முதல் 2006 வரை மாணவர்களோடு அகழ்ந்தபோது வீட்டு அடித்தளங்கள், நிலவறைக் குழிகள், கிணறுகள், சுண்ணாம்பு நீற்றிய குழி ஆகியவை வெளிப்பட்டன. பீங்கான் தட்டுகள், பொத்தான்கள், பொம்மைத் துண்டுகள், சிலேட்டுக்குச்சிகள், மாட்டெலும்பு, பன்றியெலும்பு எல்லாம் இருந்தன.

அவற்றில் மிக அழுத்தமான செய்தி, வேறுபாடு இல்லாமையே. எந்த மனையில் கறுப்பினக் குடும்பம் வாழ்ந்தது, எந்த மனையில் வெள்ளைக் குடும்பம் வாழ்ந்தது என்பதைத் தட்டையும் கோப்பையையும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரு சாராரும் ஒரே வகைப் பீங்கானில்தான் உண்டார்கள், ஒரே வகைப் பொருள்களைத்தான் வாங்கினார்கள். உணவில் தெரிந்த வேறுபாடுகளும் பெரும்பாலும் தெற்கத்திச் சமையலுக்கும் வடக்கத்திச் சமையலுக்கும் உரியவை. நிறத்துக்கு உரியவை அல்ல. சட்டமன்றத்திலும் இடுகாட்டிலும் அழுத்தமாகக் கிழித்த கோடு அடுக்களைக் குப்பையில் இல்லை.

2005-இல் ஊர் இருந்த இடம் தேசியப் பட்டியலில் சேர்ந்தது. 2009-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. 2022 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்புக்கு வந்தது. இன்று அங்கே போகிறவர் காண்பது பாரிக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை விட்டு விலகி, புல் மூடிய ஒரு சரிவு. சிறிது தள்ளி, ஃப்ராங்கும் அவர் குடும்பத்தாரும் உறங்கும் இடுகாடு. பழைய வரைபடத்தைத் தரையில் பொருத்தி அளந்தபோது, உடைந்த ஓடுகளும் அடித்தளக் கற்களும் 1836-இல் குறித்த தெருக்களை ஒட்டிய மனைகளிலேயே திரண்டு கிடந்தன.